பிறந்தது இங்கே, பாஸ் மட்டும் இலங்கை

கேள்வி:

மதிப்புக்குரிய ஐயாவுக்கு வணக்கம். சுவிசில் ஆர்காவ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் பதினொரு வருடமாக இருக்கிறோம். கணவர் 1998-ல் அகதியாக வந்தவர், உணவகத்தில் சமையல் வேலை. நான் 2005-ல் கலியாணம் கட்டி வந்தேன், முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. மகளுக்கு 17 வயது, மகனுக்கு 12. இரண்டு பேரும் இங்கேதான் பிறந்தார்கள். அவருக்கும் பிள்ளைகளுக்கும் சி விசா (நிரந்தர வதிவிட அனுமதி), எனக்கு மட்டும் இன்னும் பி (தற்காலிக வதிவிட அனுமதி). 2021-ல் கணவர் வேலை செய்த இடம் மூடப்பட்டு, வேலையில்லாக் காசும் முடிந்து, ஒன்பது மாதம் சோசியலில் (அரச உதவிப் பணத்தில்) இருந்தோம். இப்போது கடன் எதுவும் இல்லை.

போன மாதம் மகளின் வகுப்பு லண்டனுக்குப் போனது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. இவளிடம் இருப்பது இலங்கைப் பாஸ் (கடவுச்சீட்டு), விசா நேரத்துக்கு வரவில்லை. "அம்மா, நான் எங்கத்தை ஆள்?" என்று கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் என் தங்கச்சி எங்களுக்கு எவ்வளவோ பிறகு போனவள், இப்போது குடும்பத்தோடு கனடியப் பிரஜை. மூன்றாம் தலைமுறைக்கு இங்கே சுகமாகக் கிடைக்கும் என்று கோயிலில் ஒருவர் சொன்னார், அது எங்களுக்குப் பொருந்துமா? கணவருக்கு பேர்ண் மாநிலத்தில் நல்ல வேலை வந்திருக்கிறது, வீடு மாறலாமா? நாலு பேரும் சேர்ந்து விண்ணப்பிப்பதா, சோசியல் பிரச்சினை தீரும்வரை பொறுப்பதா? உலகத்திலேயே கஷ்டமான நாட்டில் வந்து மாட்டிக்கொண்டோமா?

ஒரு வாசகி, ஆர்காவ்

பதில்:

வணக்கம் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது சின்னப் பதில். இல்லை, இதைவிடக் கஷ்டமான நாடுகள் இருக்கின்றன. கட்டாரின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 25 வருடத் தொடர் வதிவிடம் கேட்கிறது. அத்தனை வருடத்தையும் முடித்தாலும் தருவதும் விடுவதும் அவர்கள் விருப்பம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அரபியர் அல்லாதவருக்கு 30 வருடம். 2021-ல் மருத்துவர், விஞ்ஞானி, முதலீட்டாளர் போன்றவர்களுக்கு ஒரு வழி திறந்தார்கள், ஆனால் நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, ஆட்சியாளர் தரப்பிலிருந்து யாராவது உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். குவைத்தில் முஸ்லிம் அல்லாதவர் விண்ணப்பிக்கவே வழியில்லை. அவ்வளவு தூரம் எதற்கு, நம் பக்கத்து வேலிக்காரரான லிக்டன்ஸ்டைனில் ஊர் வாக்கெடுப்புக்குப் போகாமல் குடியுரிமை எடுப்பதென்றால் 30 வருட வதிவிடம் வேண்டும், பழைய குடியுரிமையையும் விட்டுவிட வேண்டும்.

சுவிஸ் அப்படி இல்லை. இங்கே சட்டம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, யாரும் விண்ணப்பிக்கலாம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஆட்கள் அனேகமாக எல்லோரும் "சுவிஸ் தருமா, தராதா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது "என் ஊர் தருமா?" என்று.

சுவிஸ் பாஸ் எடுப்பவர் உண்மையில் மூன்று குடியுரிமை எடுக்கிறார்: ஊருடையது, மாநிலத்துடையது, நாட்டுடையது. ஊர் என்று நான் சொல்வது உங்கள் கெமைண்டேயை, அதாவது ஊராட்சியை. நாடு முழுக்க இப்படி ஏறக்குறைய 2,100 ஊர்கள் இருக்கின்றன. சுவிஸ் பாஸைத் திறந்து பார்த்தால் பிறந்த இடம் என்று ஒரு வரி இருக்காது, அந்த இடத்தில் 'ஹைமாட்ஓர்ட்' என்று பூர்வீக ஊரின் பெயர் இருக்கும். ஒரு சுவிஸ்காரர் சூரிச்சில் பிறந்து ஜெனீவாவில் வாழ்ந்தாலும், அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் எந்த மலையடிவாரத்து ஊர்க்காரரோ அந்த ஊர்தான் அவர் பாஸில் இருக்கும். அவர் அங்கே ஒரு நாளும் போயிருக்க மாட்டார். "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டால், பிறந்தது கொழும்பாக இருந்தாலும் "நாங்கள் வேலணை" என்று சொல்கிற ஆட்கள் நாம். இது நமக்கு விளங்காத விஷயமில்லை.

ஊர் முடிவெடுப்பது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எம்மனைச் சொல்லுவார்கள். லுட்சேர்னுக்குப் பக்கத்து ஊர். 2000 மார்ச்சில் அங்கே 23 விண்ணப்பங்களை வாக்குப்பெட்டிக்கு விட்டார்கள். விண்ணப்பித்தவர்களின் விபரங்களை அச்சடித்து ஊர்ச்சனத்துக்குக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஆம், இல்லை என்று வாக்குப் போடச் சொன்னார்கள். தேறியது நாலு விண்ணப்பம், நாலும் இத்தாலியக் குடும்பங்கள். பழைய யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களை வரிசையாகத் தட்டிவிட்டார்கள். எந்தக் காரணமும் சொல்லவில்லை, ரகசிய வாக்குக்குக் காரணம் எங்கே இருக்கப்போகிறது? 2003 ஜூலையில் சமஷ்டி (கூட்டாட்சி) உச்ச நீதிமன்றம் இந்த வாக்குப்பெட்டி முறை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்த்தது. நிராகரிப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். பழைய முறையைத் திரும்பக் கொண்டுவர ஒரு கட்சி முயன்றது. 2008 ஜூனில் நாட்டு மக்களே அதைத் தோற்கடித்தார்கள்.

ஆகவே இன்று உங்கள் ஊர்க்கூட்டம் (விண்ணப்பங்களுக்கு வாக்குப் போடும் ஊராரின் பொதுக்கூட்டம்) மகளை நிராகரிக்க வேண்டுமென்றால், யாராவது எழுந்து நின்று "நிராகரிக்க வேண்டும், காரணம் இது" என்று முன்மொழிய வேண்டும். அந்தக் காரணத்தை எதிர்த்து நீங்கள் மாநில நீதிமன்றத்துக்குப் போகலாம். இது சாதாரணப் பாதுகாப்பு இல்லை. இதை அறியாமல் "சனம் கறுப்புத் தோலைப் பார்த்துக் கையைக் கீழே போட்டுவிடும்" என்று பயந்து பத்து வருடம் விண்ணப்பிக்காமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அதற்காக எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். ஷ்வீஸ் மாநிலத்தில் ஆர்த் என்று ஓர் ஊர். முப்பது வருடமாக சுவிசில் வாழ்ந்து தொழில் நடத்திய ஒரு இத்தாலியரை அந்த ஊர் தேறவில்லை என்றது. அவருக்குத் தெரியாமல் போன விஷயங்களில் ஒன்று, ஊரில் உள்ள கோல்டாவ் மிருகக்காட்சிச் சாலையில் கரடியும் ஓநாயும் ஒரே அடைப்புக்குள் இருக்கின்றன என்பது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அவருக்குக் குடியுரிமை கொடுக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பானது. உங்கள் மாநிலத்திலேயே, புக்ஸ் என்ற ஊரில், 2017-ல் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு துருக்கியப் பெண்ணுக்கு இப்படி நடந்தது. சுவிசுக்கே உரிய விளையாட்டு எது என்று கேட்டதற்கு அவர் பனிச்சறுக்கு என்றார். கேட்டவர்கள் மனதில் இருந்தது மரத்தூளில் கட்டிப் புரளும் ஷ்விங்கன் மல்யுத்தம். சாமான் வாங்குவது பெரிய மலிவுக்கடையில், ஊர்க் கடையில் இல்லை என்பதும் குறையானது. அந்த நிராகரிப்பும் பிறகு நிற்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பட்ட அவமானத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பி எடுக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம்.

நாலு பேரும் சேர்ந்து போட வேண்டாம். மகளைத் தனியாக, இப்போதே போடச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் எதையும் ஒன்றாகச் செய்கிற பழக்கம். கலியாணத்துக்கும் ஒன்றாகப் போவோம், பாஸுக்கும் ஒன்றாகப் போவோம் என்று நினைக்கிறோம். அதனால் நடப்பது என்னவென்றால், வீட்டில் எல்லோரையும்விடப் பின்னால் நிற்பவர் எப்போது தயாராவாரோ அதுவரை எல்லோரும் காத்திருப்பது. உங்கள் வீட்டில் முன்னால் நிற்பவர் மகள். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி வேண்டியது 10 வருட வதிவிடம், கையில் சி விசா. எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை இங்கே இருந்த ஒவ்வொரு வருடமும் இரண்டாக எண்ணப்படும். அப்படிக் கூட்டினால் உங்கள் 17 வயது மகளுக்குச் சட்டக் கணக்கில் 26 வருடம்! ஆர்காவ் மாநிலம் மேலதிகமாகக் கேட்பது மாநிலத்துக்குள் 5 வருடம், ஊருக்குள் 3 வருடம். அதுவும் இருக்கிறது. மொழிச் சான்றிதழ் அவளுக்குத் தேவையில்லை, இங்கே ஐந்து வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடம் போனதே சான்று. 16 வயது கடந்துவிட்டதால் விண்ணப்பத்தில் அவளே கையெழுத்து வைப்பாள், 18 ஆகும்வரை பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். பதினெட்டுக்கு முன் போட்டால் சமஷ்டிக் கட்டணம் 100-க்குப் பதிலாக 50 பிராங். ஊரும் மாநிலமும் வாங்குவது அதைவிடப் பல மடங்கு, அதை கெமைண்டேயிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலத்தின் குடிமையியல் தேர்வு ஒன்று இருக்கிறது. பயிற்சிக் கேள்விகளை மாநிலமே இணையத்தில் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு இரண்டு வார இறுதி போதும். ஊர் ஆட்களோடு உட்கார்ந்து கதைக்கும் அந்த ஒரு மணித்தியாலத்துக்குத்தான் கவனம் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்தை இதற்குத் தயார்படுத்தினேன். மகனுக்கு சமஷ்டி அமைச்சர்கள் ஏழு பேரின் பெயரும் தண்ணீர்பட்ட பாடு. அப்பாவுக்கு இரண்டு பேருக்கு மேல் வாயில் வரவில்லை, வீட்டில் எல்லோருக்கும் அவரை நினைத்துத்தான் பயம். அந்தச் சந்திப்பில் ஒரு மூதாட்டி அப்பாவிடம் கேட்டார்: "பழைய பேப்பரை என்ன செய்வீர்கள்?" மனுசன் கையாலேயே காட்டத் தொடங்கிவிட்டார். பேப்பரை இப்படி அடுக்கி, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்ட வேண்டும், பிளாஸ்டிக் பையில் போட்டால் எடுக்க மாட்டார்கள், மட்டையைத் தனியாக வைக்க வேண்டும், அதற்கு வேறு நாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டிலோடு வந்து ஏற்றுவார்கள், போன தடவை மழை பெய்ததால் தானும் இறங்கி ஏற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். அந்த மூதாட்டி சிரித்துக்கொண்டே, "போன தடவை என் பேரனும் நனைந்துதான் வந்தான்" என்றார். அதற்குப் பிறகு அமைச்சர்களைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் மகளுக்கு இது இன்னும் சுலபம், ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் பிள்ளைகளின் வார இறுதி பெரும்பாலும் தமிழ்ப் பள்ளிக்கூடம், பரதம், கோயில், சொந்தக்காரர் வீட்டுச் சாமத்தியச் சடங்கு என்று போய்விடுகிறது, அதுவும் வேறு ஊர்களில். அதில் தவறேதும் இல்லை, மறைக்கவும் வேண்டாம். ஆனால் "நம் ஊரில் என்ன செய்கிறாய்?" என்ற கேள்விக்குச் சொல்ல ஒன்று வேண்டும். உடற்பயிற்சிச் சங்கமோ, நூலகமோ, ஆகஸ்ட் முதலாம் திகதி தேசிய நாளில் கடை போட உதவியதோ, எதுவானாலும் உண்மையாக இருந்தால் போதும். விண்ணப்பத்துக்காக மூன்று மாதத்துக்கு முன் ஒரு சங்கத்தில் சேர்ந்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். சின்ன ஊர்!

ஊர்க்கூட்டம் வருடத்துக்கு இரண்டு தடவை, கோடையில் ஒன்று, நவம்பர் பக்கம் ஒன்று. பெரும்பாலும் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நடக்கும். குடியுரிமை இல்லாதவர்களும் விருந்தினர் கதிரையில் உட்கார்ந்து பார்க்கலாம், வாக்கு மட்டும் இல்லை. அடுத்து வருகிற ஒரு கூட்டத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். புதுத் தண்ணீர்க் குழாய்க்கு இவ்வளவு காசா என்று ஒரு மணித்தியாலம் வாதாடுவார்கள், பிறகு குடியுரிமை விண்ணப்பங்கள் வரும். பல ஊர்களில் விண்ணப்பித்தவர்களை அந்த நேரம் வெளியே நிற்கச் சொல்லுவார்கள். உள்ளே கை உயரும், எண்ணுவார்கள், கதவைத் திறந்து கூப்பிடுவார்கள், கைதட்டுவார்கள். அந்த நடைபாதையில், விளையாட்டுச் சப்பாத்து மணக்கிற இடத்தில், கோட்டுப் போட்டுக்கொண்டு நின்ற நம் அப்பாமார் எத்தனை பேர்! ஒரு தடவை முன்கூட்டியே பார்த்துவிட்டால் மகளுக்கு அந்தப் பயம் பாதியாகிவிடும்.

கோயிலில் சொன்ன மூன்றாம் தலைமுறை விஷயம் உண்மைதான், ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. 2017 பெப்ரவரியில் மக்கள் 60 சதவீதத்துக்கு மேல் ஆதரித்து வந்த மாற்றம் அது. அதன்படி தாத்தா பாட்டியில் ஒருவருக்காவது இங்கே வதிவிட உரிமை இருந்திருக்க வேண்டும், பெற்றோரில் ஒருவர் இங்கே குறைந்தது 10 வருடம் வாழ்ந்து 5 வருடமாவது பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும், பிள்ளை இங்கே பிறந்து 25 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் இங்கே பள்ளிக்கூடம் போகவில்லை, உங்கள் அம்மா அப்பா இங்கே இருக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் இரண்டாம் தலைமுறை. இரண்டாம் தலைமுறைக்குச் சலுகை கொடுக்கலாமா என்று 1983, 1994, 2004 என்று மூன்று தடவை நாட்டைக் கேட்டார்கள், மூன்று தடவையும் நடக்கவில்லை. 1994-ல் வாக்காளர்களில் பாதிக்கு மேல் ஆம் என்றும், மாநிலப் பெரும்பான்மை கிடைக்காமல் விழுந்தது. ஐந்து வருட வதிவிடம் போதும் என்று கேட்கும் ஒரு மக்கள் முன்முயற்சி (கையொப்பம் சேர்த்து நாட்டு வாக்கெடுப்புக் கேட்பது) 2024-ல் கையளிக்கப்பட்டிருக்கிறது. அதை நம்பி மகளின் விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள், இங்கே இந்த விஷயத்தில் மக்கள் வாக்கு எப்படிப் போகும் என்பதற்குப் பழைய கணக்கு நல்லதாக இல்லை.

பிறந்த மண்ணாலே குடியுரிமை வராது என்பது நமக்குப் புதிதில்லை. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் வம்சாவளியைத்தான் பார்த்தது. அதனால் மலையகத்தில் எத்தனை லட்சம் பேர், பிறந்த ஊரிலேயே நாடற்றவரானார்கள் என்பதும் நமக்குத் தெரியும். மகள் கேட்ட கேள்வியை அவள் வயதுப் பிள்ளைகள் அங்கே எழுபது வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

இப்போது கணவர். அவர் 1998-ல் வந்ததைக் கணக்கில் வைத்து "இருபத்தைந்து வருடத்துக்கு மேல்" என்று எல்லோரிடமும் சொல்லுவார். சட்டம் அப்படி எண்ணாது. புகலிட விண்ணப்பம் நிலுவையில் இருந்த 'என்' விசா வருடங்கள் இப்போது சேராது, தற்காலிகமாக இருக்க அனுமதித்த 'எஃப்' விசா வருடங்கள் பாதிதான். ஆனாலும் பத்து வருடம் அவருக்குத் தாராளமாக இருக்கும், அது பிரச்சினை இல்லை. பிரச்சினை சோசியல். சமஷ்டிச் சட்டம் விண்ணப்பத்துக்கு முந்திய 3 வருடத்தைப் பார்க்கிறது, அதை நீங்கள் கடந்துவிட்டீர்கள். ஆனால் மாநிலங்கள் இதைவிட இறுக்கலாம். ஆர்காவ் 2020 பெப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி அதைப் பத்து வருடமாக்கியது. பேர்ணும் 2013 வாக்கெடுப்பிலிருந்தே இறுக்கம்தான். அதனால் பேர்ணுக்கு மாறினாலும் இந்த விஷயத்தில் தப்ப முடியாது.

ஒரு வழி இருக்கிறது: வாங்கியதை முழுவதும் திருப்பிக் கட்டிவிட்டால் அந்தக் கணக்குத் தீர்ந்தது. பாதி கட்டினால் பாதிப் பலன் என்று இல்லை. சோசியல் பகுதியிடம் ஒன்பது மாதத்துக்கும் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் முடிவெடுக்க முடியும். தொகை சமாளிக்கக் கூடியதாக இருந்தால் மாதாமாதம் கட்டத் தொடங்குங்கள், பத்து வருடம் காத்திருப்பதைவிட அது கிட்ட. இன்னொன்று, எது சோசியல், எது இல்லை என்பதில் நம் ஆட்களுக்குப் பெரிய குழப்பம். வேலையில்லாக் காசு காப்புறுதிக் காசு, அது சோசியல் இல்லை. நோய்க் காப்புறுதிக்கு மாநிலம் தரும் கழிவும் இல்லை, ஊனமுற்றோர் காப்புறுதியும் இல்லை. இவற்றையெல்லாம் வாங்கியதால் தனக்குத் தகுதியில்லை என்று வீட்டில் இருந்துவிட்ட ஒருவர் பதினைந்து வருடம் கழித்து என்னிடம் வந்தார்.

வீட்டுக்கு வந்த அந்த உதவி மகளின் விண்ணப்பத்தைப் பாதிக்குமா என்பதையும் கெமைண்டேயிடம் விண்ணப்பிக்கும் முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அப்போது அவள் சின்னப் பிள்ளை, இப்போதும் முதல் தொழிற்படிப்பு வயது. தனிப்பட்ட சூழ்நிலையைக் கவனிக்க வேண்டும் என்று சமஷ்டிச் சட்டமே சொல்கிறது, முதல் கல்வியின் காரணமாக வந்த சோசியலை விலக்காக எண்ணச் சொல்கிறது. வாயால் கேட்டால் மேசையில் இருப்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்லுவார், எழுதிக் கேட்டால் யோசித்துப் பதில் வரும்.

கடன் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. என்றாலும் உங்கள் மூவரின் பெட்ரைபுங் (கடன் அறவிடும் கந்தோர்) பதிவையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பொதுவாகக் கடந்த ஐந்து வருடத்தைப் பார்ப்பார்கள். வீடு மாறிய நேரம் தவறிப்போன ஒரு பல் வைத்தியர் பில் அங்கே பதிவாகிக் கிடக்கும், உங்களுக்கே தெரியாது. வரிப் பாக்கியும் அப்படித்தான். நீதிமன்றத்தில் வாகன வழக்கு ஏதாவது நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

உங்களைப் பற்றி. முதலில் சி விசா. அதற்கு டொச் (ஜெர்மன்) பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1 போதும்; ஏ1, ஏ2, பி1 என்பவை மொழித் தரங்கள், கீழிருந்து மேலாக. குடியுரிமைக்குச் சமஷ்டிச் சட்டப்படி பேச்சில் பி1, எழுத்தில் ஏ2. நேராக மேல்நிலைச் சோதனையையே எழுதிவிட்டால் ஒரே சான்றிதழ் இரண்டுக்கும் உதவும். "எனக்கு டொச் வராது" என்று நினைக்கிறீர்கள் போல. முதியோர் இல்லத்தில் இருபது வயோதிபரோடு தினமும் கதைப்பவருக்கு டொச் வராது என்று நான் நம்ப மாட்டேன். எழுத்துத்தான் பயமாக இருக்கும், அதற்கு ஒரு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போனால் சமாளிக்கலாம்.

மகன் அப்பாவின் விண்ணப்பத்தோடு சேரலாம். ஆனால் 12 வயதிலிருந்து பிள்ளையின் தகுதியைத் தனியாகவும் பார்ப்பார்கள். அப்பா சோசியலால் இழுபட்டால், அக்கா போன பாதையிலேயே பிறகு அவனைத் தனியாக அனுப்பலாம். பாஸ் எடுத்த பையனுக்குப் பதினெட்டில் ராணுவத்திலிருந்து கடிதம் வரும் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள், பிறகு நான் சொல்லவில்லை என்று வேண்டாம். சேவை செய்யாவிட்டால் வருமானத்தில் 3 சதவீதம் வரி.

பேர்ண் வேலைக்குக் கணவர் போகட்டும், வீட்டை மாற்ற வேண்டாம். மாநிலம் மாறினால் மாநிலக் கணக்குப் பூச்சியத்திலிருந்து. பேர்ண் கேட்பது ஊரில் 2 வருடம்தான், அது மலை இல்லை, ஆனால் கையில் இருப்பதை எதற்கு விட வேண்டும்? விண்ணப்பித்த பிறகும் உடனே மாறாதீர்கள். தகுதி பார்க்கும் வேலையை ஊரும் மாநிலமும் முடித்த பிறகு நீங்கள் வேறு இடம் போனாலும் அவர்களே கோப்பை முடித்துக் கொடுப்பார்கள், அதற்கு முன் போனால் கோப்பு விழுந்துவிடும். அதுவரை ரயிலில் போய் வரட்டும். கஷ்டம்தான், சமையல் வேலை இரவு பதினொன்றுக்கு முடியும். முதலாளியிடம் இதைச் சொல்லி ஒரு வருடத்துக்கு மதிய வேலை கேட்டுப் பார்க்கலாம்.

தங்கச்சியைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். கனடாவில் ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் நிரந்தர வதிவாளராக இருந்தால் விண்ணப்பிக்கலாம், அங்கே பிறக்கிற பிள்ளை பிறந்த நாளே பிரஜை. உண்மைதான். ஆனால் இந்த வயதில் நீங்கள் அங்கே உள்ளே போவது எப்படி? மகள் இங்கே தொழில் படித்து முடிக்கட்டும்.

பத்திரங்களில் மகளுக்கு ஒரு வசதி உண்டு, இங்கே பிறந்ததால் அவள் பெயர் ஏற்கனவே சுவிஸ் பதிவேட்டில் இருக்கும். உங்கள் இருவருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரங்களைத்தான் இப்போதே தேடி எடுக்க வேண்டும். இங்கிலீசில் எழுதும்போது ஒரு கந்தோரில் 'ழ'வுக்கு ஒரு எழுத்து, இன்னொரு கந்தோரில் வேறு எழுத்து. தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் நடுவில் போய், பாஸில் ஒரு விதமாகவும் பத்திரத்தில் ஒரு விதமாகவும் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து திருத்திய பிரதி வந்து, மொழிபெயர்த்து, சரிபார்த்து முடிய மாதக் கணக்காகும். மகளின் கோப்பு நடக்கும்போதே இதைத் தொடங்குங்கள்.

இன்னொரு விஷயம் வீட்டில் கதைக்க வேண்டும். சுவிஸ் 1992-லிருந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இலங்கைச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும், வைத்துக்கொள்வதற்கும் திரும்ப எடுப்பதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மகளுக்கு அது பெரிதாகப் படாது. கணவர் ஒரு நாள் ஊரில் போய் இருக்க நினைத்தால் அவருக்குப் பெரிதாகப் படும்.

எல்லாம் நடந்தால், ஊர், மாநிலம், பேர்ணில் உள்ள சமஷ்டி அலுவலகம் என்று மூன்று இடமும் சுற்றிவர இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். பாஸ் வரும்போது மகளுக்கு இருபது வயது இருக்கும். அதில் ஹைமாட்ஓர்ட் என்ற வரியில் உங்கள் ஊரின் பெயர் எழுதியிருக்கும். நாளைக்கு அவள் எங்கே போய்க் குடியிருந்தாலும் அந்தப் பெயர் மாறாது.

விண்ணப்பப் படிவத்தை கெமைண்டே அலுவலகத்தில் மகளே நேரில் போய் வாங்கட்டும். நீங்கள் கூடப் போகலாம், ஆனால் அவளே கதைக்கட்டும். சோசியல் பகுதியின் கடிதம் வந்ததும் தொகையை எனக்கு எழுதுங்கள், கணவரின் விஷயத்தை அதற்குப் பிறகு பார்ப்போம்.